நாற்பத்தேழாம் நம்பர் வில்லை

ஜாபஸ் ஹெப்வொர்த் எண்ணிவிட்டால் மறுபடி யாரும் எண்ணத் தேவையில்லை என்பது ஹேக்தார்ப் ஊரின் நம்பிக்கை. யார்க்‌ஷர் நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கு அறையில் அவருக்கு வேலை. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு விளக்கும் நம்பர் பொறித்த ஒரு பித்தளை வில்லையும் கொடுப்பார். மேலே வந்ததும் வில்லையை அதற்குரிய ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். பலகையில் வெற்று ஆணி இல்லையென்றால் கீழே ஆள் இல்லை. இதைவிட எளிய கணக்கு உலகத்தில் கிடையாது. அந்தக் கணக்கில்தான் மனிதர் ஒரே ஒரு முறை பொய் சொன்னார்.

1921இல் மூன்றாம் அடுக்கில் தீப்பிடித்தது. காற்று புகுந்தால் வெடித்துவிடும், உடனே சுவர் எழுப்பி அடைக்க வேண்டும் என்றார் மேலாளர்.

"எல்லாரும் மேல வந்தாச்சா, ஜாபஸ்?"

பலகையில் ஒரே ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. நாற்பத்தேழு. ஜாபஸின் கூட்டாளி ஆமோஸ் சக்டனுடைய நம்பர். ஆமோஸ் சரியான மறதிக்காரன். வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவான். அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை ஜாபஸ் அவன் வீட்டுக்குப் போய்த் திட்டி, வாங்கி வந்திருந்தார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார்.

"வந்தாச்சு" என்றார்.

மாலையில் ஆமோஸின் மனைவி கிளாரிஸ் புருஷனைத் தேடிக்கொண்டு வந்தபோது சுவர் எழும்பி முடிந்திருந்தது. அதற்குள் ஜாபஸ் தொலைந்தால் கொடுக்கவென்று மேசை இழுப்பறையில் அதே நம்பரில் வைத்திருந்த மாற்று வில்லையை எடுத்து நாற்பத்தேழாம் ஆணியில் மாட்டியிருந்தார். "இதோ தொங்குதே, மேல வந்துட்டான்" என்று கை நீட்டிக் காட்டினார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது? அதன்பின் ஊர் தானே ஒரு கதை கட்டிக்கொண்டது. ஆமோஸ் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டானாம், எவளோ ஒருத்தி கூடவாம். பதிமூன்று வருடம் கிளாரிஸ் புருஷன் விட்டுப்போனவளாக வாழ்ந்தாள். தேவாலயத்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ஜாபஸ் மாதாமாதம் அவள் வாசலில் ஒரு மூட்டை நிலக்கரி இறக்கிவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பி விடுவார்.

1934இல் ஊரில், அணிக்குப் பதிமூன்று பேர் ஆடும் ரக்பி லீக் கிளப் தொடங்கியது. மதுக்கடையின் பின்னறையில் எட்டு பேர், தையல் விட்ட ஒரு பந்து. அவ்வளவுதான் கிளப். பிற்பாடு மூன்று அணி காணப்போகும் கிளப் என்று அன்று சொல்லியிருந்தால் அந்த எட்டு பேரே சிரித்திருப்பார்கள். சுரங்கம் ஒரு நிலத்தை இனாமாகக் கொடுத்தது. மூன்றாம் அடுக்குக்கு நேர் மேலே இருந்த நிலம் அது. அதன் இடது மூலை மாதத்துக்கு ஓர் அங்குலம் தாழ்ந்துகொண்டிருந்தது. அங்கே ஆடுகள் மேயாது. கிளாரிஸ் மாவுச் சாக்குகளைச் சிவப்புச் சாயத்தில் முக்கிப் பதிமூன்று சட்டை தைத்துக் கொடுத்தாள், துவைக்கிற வேலையையும் ஏற்றுக்கொண்டாள்.

செயலாளர் ஜாபஸ்தான். வில்லை இல்லாமல் எங்கேயும் இறங்கிப் பழகாத ஆட்கள், மைதானத்துக்கும் வில்லை கேட்டார்கள். சுரங்கத்தில் கழித்துப் போட்ட பழைய வில்லைகளைப் பெட்டியோடு வாங்கி வந்து, மைதானத்து ஓரக் குடிசையில் பலகை அடித்து மாட்டினார். பெட்டிக்கு அடியில் கிடந்தது அந்த மாற்று வில்லை. தூக்கி எறிய அவருக்குக் கை வரவில்லை. கடைசியான பதிமூன்றாம் ஆணியில் மாட்டினார். நல்லவேளை, கிளப்பில் ஒரு வாரம்கூடப் பதிமூன்று பேர் சேரவில்லை, அதனால் அதை யாரும் எடுக்கவில்லை.

நவம்பரில் ஊரெல்லாம் சளிக்காய்ச்சல். ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களுக்கு ஆள் சேராமல் போயிருந்தது. மூன்றாவது முறையும் பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் கிளப்பை நீக்கிவிடுவோம் என்று லீக்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் வந்தவர்கள் பதினொரு பேர். மூடுபனியில் கம்பம்கூடத் தெரியவில்லை. மைதானத்தில் தலை எண்ண முடியாது என்று நடுவர் குடிசைக்குள் வந்து வெற்று ஆணிகளை எண்ணினார். அவர் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஜாபஸ் நாற்பத்தேழைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார்.

"பன்னிரண்டு. சரி, ஆடுங்க" என்றார் நடுவர்.

ஜெயித்தார்கள். திரும்பி வந்த பதினொரு பேரும் வில்லைகளை மாட்டினார்கள். யாரும் பார்க்காதபோது ஜாபஸும் தன் பையிலிருந்ததை மாட்டினார். ஆட்டக்காரர்களில் ஒருவனான பெர்ஸி சேறு அப்பிய முகத்தோடு கேட்டான்.

"எனக்கு இடது பக்கம் ஓடினது யாருடா? அந்தப் பள்ளத்துல?"

"உனக்கு இடது பக்கம் வேலிதான்டா இருக்கு."

"வெளையாடாத. பந்தைக் கொடுத்தேன், அப்படியே திருப்பிக் கொடுத்தான், நான் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில ஊனினேன். கை என்னமா சுட்டுது தெரியுமா? அடுப்புலேந்து எடுத்த மாதிரி."

"உனக்கும் காய்ச்சல் வந்துடுச்சு, போ போ."

எல்லாரும் சிரித்தார்கள். ஜாபஸ் மட்டும் கடைசி ஆணியில் தொங்கியதைத் தொட்டுப் பார்த்தார். ஆமோஸ் இளவயதில் ரக்பியில் இடது ஓரத்தில் ஓடியவன்.

மறுநாள் ஞாயிறு நண்பகல், அடுத்த வார அணியைப் பேச எல்லாரும் குடிசையில் கூடியிருந்தார்கள். சட்டை மூட்டையோடு கிளாரிஸ் உள்ளே வந்தாள்.

"நேத்து எத்தன பேர் ஆடினீங்க?"

"பதினொண்ணு. வெளிய சொல்லிடாத தாயே" என்றான் பெர்ஸி.

"பன்னெண்டு சட்டை அழுக்கா வந்திருக்கு."

பன்னிரண்டாவதை மேசைமேல் விரித்தாள். அதில் சேறு இல்லை. கரித்தூள். குடிசை முழுக்கப் புகை நாற்றம் எழுந்தது. அந்தச் சட்டைக்குள் கிடைத்ததை எடுத்துக் காட்டினாள். ஒரு பித்தளை வில்லை. நாற்பத்தேழு. பின்புறம் ஆணியால் கீறிய அவள் பெயரின் முதல் எழுத்து.

"கல்யாணமான வாரம் அவன் கீறினது. எனக்குத் தெரியாதா?"

ஜாபஸ் திரும்பிப் பலகையைப் பார்த்தார். கடைசி ஆணியிலும் நாற்பத்தேழு தொங்கியது. கிளாரிஸ் போய் அதைக் கழற்றினாள், திருப்பினாள். பின்புறம் வழவழவென்று சுத்தமாக இருந்தது. அன்று அவர் காட்டியது எந்த வில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆணி வெறுமையாக நின்றது.

"இப்ப நான் கேக்கிறேன் ஜாபஸ். எல்லாரும் மேல வந்தாச்சா?"

பதினொரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரல" என்றார். "ஒருத்தன் வரல. ஆமோஸ் கீழதான் இருக்கான். அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். நான்தான் வந்தாச்சுன்னு சொன்னேன்."

யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒவ்வொருவராகத் தலைத்தொப்பியைக் கழற்றினார்கள். பெர்ஸி எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டான். கிளாரிஸ் தன் புருஷனின் வில்லையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பதிமூன்று வருடம் கழித்து முதல் தடவையாக, செத்துப்போனவனுக்காக அழுதாள்.