அடுப்பில் வெந்த இடையன்

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தாலும் இரண்டாவது பத்தியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எத்தனை வெயிலில் வைத்தாலும் காயாத ஒரு களிமண்ணை, வெயிலே இல்லாத டிசம்பர் மாதத்தில், மொட்டைமாடியில் நான்கு நாள் காயவைத்தவன் நான். காக்கை கொத்தாமலிருக்க மேலே சல்லடையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். தூறல் விழுந்தால் ஓடிப்போய் எடுத்துவருவேன். காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்திய இடத்தில் பள்ளம் விழும். அதைச் சரிசெய்து மறுபடி சல்லடைக்கடியில் வைப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்ட மனிதர், அந்த வருடம் ஆடி மாதத்தில் இறந்துபோனார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைக்கும் குடிலும் வேண்டாம் என்றுதான் அக்கா இருந்தார். நானும் என் மனைவியும்தான் விடாமல் பேசி, குடில் மட்டுமாவது வைக்கலாம் என்று சம்மதிக்கவைத்தோம். வருடா வருடம் குடில் வைப்பது அண்ணனுடைய வேலை. மாட்டையும் மரியாளையும் தொடுவதற்கு முன்னால், தோளில் ஆட்டுக்குட்டி சுமந்த இடையனைத்தான் அவர் முதலில் வைப்பார். "மேய்க்க ஆளில்லாம ஆட்ட எங்க விடறது?" என்று ஒவ்வொரு வருடமும் அதையே சொல்வார். ஒவ்வொரு வருடமும் நாங்களும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்போம்.

லாஃப்ட்டிலிருந்து குடில் பெட்டியை இறக்கித்தருகிறேன் என்று ஸ்டூல்மேல் ஏறியவன் நான்தான். எப்படி நழுவியது என்று இன்றுவரை தெரியாது. வைக்கோலுக்குள் இருந்ததால் மற்ற சுரூபப் பொம்மைகளுக்கெல்லாம் ஒரு கீறல்கூட இல்லை. மேலாக இருந்த இடையன் மட்டும் சுக்குநூறாகிப்போனான். அக்கா திட்டியிருந்தால் தேவலை. குனிந்து துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கினார். "வேணாம்னு அவரே சொல்லிட்டாரு போலிருக்கு தம்பி. பெட்டிய மேல ஏத்திடு" என்றார். ஏற்றிவைத்தேன். இந்த வருடம் ஏறிய பெட்டி இனி எந்த வருடமும் இறங்காது என்று அவர் குரலிலேயே தெரிந்தது. அண்ணனே மறுத்துவிட்டார் என்று அவர் நம்பிவிட்டால் அதற்குமேல் யார் பேசுவது? மறுத்தது அண்ணனல்ல, என் கைதான் என்று அவருக்குக் காட்டவேண்டும். அதற்கு இடையன் திரும்பி வந்தாக வேண்டும்.

தாம்பரம் மார்க்கெட் முழுக்க அலைந்தேன். தனி இடையன் கிடைக்கவில்லை. அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து மச்சினன் என் மகளுக்கு அனுப்பிய டப்பா ஞாபகம் வந்தது. சின்னச் சின்ன சோப்புக்கட்டிகள்போல எட்டு வண்ணத்தில் பிளாஸ்டிக் களிமண். மகளிடம் கெஞ்சி வாங்கினேன். உள்ளங்கையில் வைத்துப் பிசையப் பிசைய அது சப்பாத்தி மாவாக இளகியது. எனக்கும் தலைக்கனம் ஏறியது. பழுப்பில் அங்கி செய்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் வெள்ளையை எடுத்தேன். ஆட்டுக்குட்டி சேற்றில் புரண்ட நாய்க்குட்டியாகப் பிறந்தது. வெளிர் நிறத்தை முதலில் தொடவேண்டும் என்று இப்போது தெரியும். தலை நிற்காமல் சாய்ந்து விழுந்துகொண்டே இருந்ததால் கழுத்துக்குள் ஒரு ஈர்க்குச்சியைச் செருகினேன். முகத்துக்கு மாதிரி வேண்டுமே என்று சவரக் கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டேன். விளைவு, பெத்லகேமில் ஆடு மேய்த்தவனுக்கு என் மூக்கு வந்து சேர்ந்தது. என் மூக்கைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மொட்டைமாடிக் கூத்து. நான்காம் நாள் என் மனைவி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "ஓவன்ல வச்சு சுடணும்னு போட்டிருக்கே. படிக்கலையா?" என்றாள். ஆபீசில் எனக்கு என்ன வேலை என்றால், வருகிற கடிதங்களைக் கடைசி வரிவரை படித்துக் குறிப்பெழுதுவது.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. ஜங்ஷன் பேக்கரியில்தான் இருந்தது, சுவரோடு கட்டிய பெரிய விறகடுப்பு. இருபத்துநாலாம் தேதி காலை இடையனை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு போனேன். பேக்கரி மாஸ்டர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, ஆளு தோள்ல பெருச்சாளி ஏறிக்கினு கீது?"

"ஆட்டுக்குட்டி."

"நீ சொன்னா சரி. கேக்கு வேவுற எடத்துல பொம்மைய வச்சா நாளைக்கு ஊரே பிளாஸ்டிக் கேக்குன்னு பேசும். பேஜாரு. கேக்கெல்லாம் எறக்கிக்கிறேன், சூடு தணிஞ்சப்புறம் வா."

நான் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம்வரை கேக் டின்கள் இறங்குவதைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசி டின் இறங்கி, தணல் அடங்கிய பிறகு, ஓட்டை விழுந்து ஒதுக்கிப்போட்ட ஒரு தட்டில் இடையன் உள்ளே போனான். கால் மணி நேரம் என்று டப்பாவில் இருந்ததை இந்த முறை மூன்று தடவை படித்துவிட்டு வந்திருந்தேன். மாஸ்டருக்குக் கடிகாரத்தில் நம்பிக்கையில்லை, மூக்கில்தான் நம்பிக்கை. வாசனை வந்ததும் நீளக் கரண்டியால் இழுத்துப் போட்டார். "ஒன் ஆளு நல்லா செவந்துகினாரு சார்." ஒரு பக்கம் ரஸ்க் நிறம். ஆனால் தட்டினால் டொக்கென்றது. அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை.

அக்கா கதவைத் திறந்தார். இடையனை நீட்டினேன். பேசத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வழியிலேயே மறந்துவிட்டது. ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுட்ட கன்னத்தை விரலால் தடவினார்.

"இதுக்கு ஏன் உன் மூக்கு?"

"கண்ணாடியப் பாத்து செஞ்சேன்க்கா. பெட்டிய நழுவவிட்டது நான்தான். அண்ணன் வேண்டாம்னு சொல்லல."

அவர் என்னை வாசலில் நிற்கவிட்டு இடையனோடு உள்ளே போனார். திரும்பிவிடலாம் என்று செருப்பில் கால் நுழைத்தபோது உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் லாஃப்ட்டில் பெட்டி உரசும் சத்தம். பதறி உள்ளே ஓடினேன். அக்கா ஸ்டூல்மேல் நின்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, நான் இறக்கித் தரேன்" என்று கையை நீட்டினேன்.

"நீ எதையும் தொடாதே."