சாயங்காலம் போட வேண்டிய ஊசி

புண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து, வாயில் போட்டு மென்று பார்த்த பிறகுதான் முத்துமீனாக்கா மூட்டையை வீட்டுக்குள் விடுவார். "மணலு நறநறங்குது. ஒங்க முதலாளிட்ட சொல்லு" என்பார், மூட்டை கொண்டு வந்தவனிடம். மணல் இல்லாத நாளிலும் சொல்வார். சொல்லி வைத்தால்தான் அடுத்த மூட்டைக்குப் பயம் இருக்குமாம்.

பசுமலைக்குக் கீழே, எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. கொல்லையில் ஒரு செவலைப் பசு. யாராவது எட்டிப் பார்த்தால் சாக்கை இழுத்து மடியை மறைப்பார். பசு பருவத்துக்கு வந்து கத்தினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். "எதிர்வீட்டுக்காரி காதுல விழுந்தா போதும், கண்ணு வச்சே கலைச்சுருவா."

இரண்டு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. அவர் கணவர் அழகுபாண்டி முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் நிக்கலைன்னா சந்தைக்கு ஓட்டிருவேன். சும்மா எம்புட்டு நாளு தீனி போடுறது?"

பசுவைப் பற்றிக் கேட்டால் அக்கா வாயைத் திறக்க மாட்டார். ஊசி போட வரும் கருத்தக்கண்ணனைப் பற்றிக் கேட்டால் வாய் மூடாது. "ஜெர்சி, ஜெர்சின்னு சொல்லி என்னத்தப் போடுறானோ!" அவர் உறைவிந்துக் கேனைத் திறக்கும்போது அக்கா தலையை உள்ளே விடாத குறையாகப் பார்ப்பார்.

போன வாரம் ஒருநாள் விடிந்த பிறகு பசு கத்தத் தொடங்கியது. முந்தின நாள் மாலை நான் பால் வாங்கப் போனபோது அது சத்தமில்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அக்கா போனில், "நேத்துச் சாயங்காலமே ஆரம்பிச்சிருச்சு தம்பி, ஒடனே வாங்க" என்றார்.

"ஏங்க்கா பொய் சொல்றீங்க?"

"காலையிலன்னு சொன்னா சாயங்காலம் வாரேம்பான். சாயங்காலம் எந்தக் கடையில கிடப்பானோ! எல்லாத் தடவையும் இப்படிச் சொல்லித்தேன் வர வைக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பருவம் தொடங்கும் நேரத்தில் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி ஒரு ஹார்மோனை மொத்தமாகக் கொட்டுகிறது. அதற்குப் பிறகு கருமுட்டை வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால்தான் காலையில் கத்தினால் மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் ஊசி போடுகிறார்கள். அக்கா சொன்ன பொய்யை நம்பிக் கருத்தக்கண்ணன் போன இரண்டு முறையும் முன்னதாகவே போட்டிருக்கிறார். முட்டை வருவதற்குள் போட்ட விந்து செத்து வீணாகியிருக்கும்.

இதைச் சொன்னதும் அக்கா கண்ணை இடுக்கினார். "மூளையில இருந்து ஊத்துதாக்கும்! கருத்தக்கண்ணன் ஒனக்கு டீ வாங்கிக் குடுத்தானா?"

"பிளஸ் டூல படிச்சேன்க்கா. நமக்கும் இப்படித்தான்."

"நமக்குமா?" குரல் தாழ்ந்தது. "அதை எழுதுனவன் மாடு வச்சிருக்கானா?" என்று கேட்டாரே தவிர, பார்வை பசுவை விட்டு நகரவில்லை.

அதற்குள் பைக் வந்துவிட்டது. கருத்தக்கண்ணன் கேனைத் திறந்தார். வெள்ளைப் புகை வழிந்தது. கையுறையைத் தோள்வரை இழுத்துக்கொண்டே கேட்டார்: "நேத்துச் சாயங்காலந்தானக்கா?"

அழகுபாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு ஊசிகளும் யாரால் வீணாயின என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"கேக்குறாருல்ல, சொல்லுடி."

அக்கா கருத்தக்கண்ணனிடம் சொன்னார்: "விடிஞ்சப்புறந்தேன் கத்துச்சு. போன ரெண்டு தடவையும் அப்படித்தேன்."

அழகுபாண்டி முறைத்த முறைப்பில் நான் ஓரடி பின்னால் போனேன். கருத்தக்கண்ணன் கையுறையைக் கழற்றி, கேனை மூடினார். "அப்பவே சொல்லிருக்கலாம்லக்கா! சரி, சாயங்காலம் வாரேன்."

அக்கா விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பைக்கிலிருந்து சாவியை உருவி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.