இருபத்தைந்தாம் நாள் காய்ச்சல்

அந்த வெள்ளை முகமூடியை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை மதினியின் முகத்தின் மேல் இழுத்துப் படிய வைத்து, ஆறவிட்டு எடுத்தது. மதினிக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர் பாயும்போது தலை இம்மியும் அசையக் கூடாது என்று அந்த வலையை முகத்தில் மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். ஊரே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு திரிந்த கொரோனா காலத்தில், கதிர் கொடுக்கும் அறையில் மட்டும் அவர் துணி மாஸ்கைக் கழற்றிவிட்டுத் திறந்த மூச்சோடு படுக்க வேண்டியிருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. சின்னாளப்பட்டியில் ஒரே வீட்டில் இருந்தோம், நான் மாடியில், அவர்கள் கீழே. ஆம்னி வேன் என்னுடையது என்பதால் மதுரை ஆஸ்பத்திரிக்கு முப்பத்து மூன்று நாள் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. டாக்டர் இரண்டே விஷயம் சொல்லியிருந்தார். ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும். கொரோனாவும் வரக் கூடாது, இந்த உடம்பு தாங்காது. முன்னதற்குத் தினமும் வெளியே போயாக வேண்டும். பின்னதற்கு வீட்டைவிட்டு நகரவே கூடாது. வழியில் கொடைரோடு தாண்டும்போதெல்லாம் நான் வேன் கண்ணாடியை ஏற்றப் போவேன். மதினியோ வெயிலானாலும் தூசியானாலும் கண்ணாடியை ஏற்றவே விடமாட்டார்.

இருபத்தைந்தாம் நாள் காலை அவருக்கு உடம்பு கொதித்தது. நாக்கில் ருசி இல்லை. ஆனால் கதிரால் அது மூன்றாவது வாரமே போயிருந்தது. எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கொரோனா என்று தெரிந்தால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களே என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. காய்ச்சல் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, வாசலில் கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடச் சொன்னேன். வாங்கிக் குடித்தார்.

வாசலில் நர்ஸ் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார். காய்ச்சல் காட்டவில்லை. உள்ளே போகலாம் என்று கை காட்டினார். நான் மூச்சுவிட்ட அந்த நொடியில் மதினி நின்றுவிட்டார்.

"காலையில காய்ச்சல் அடிச்சுச்சும்மா. மாத்திரை போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் கரகரத்த குரலில். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு அடுத்து அந்த மேசையில படுக்கிறவளும் என்னைய மாதிரிதானப்பு" என்றார்.

எங்கள் இருவருக்கும், அண்ணனுக்கும் சோதனை எடுத்தார்கள். மறுநாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மதியம் முடிவு வந்தது. மதினிக்கு இல்லை, தொண்டைப் புண்ணால் வந்த காய்ச்சல். அண்ணனுக்கும் இல்லை. இருந்தது எனக்குத்தான். ஒரு தும்மல்கூடப் போடாத எனக்கு! அவர் சொல்லாமல் உள்ளே போயிருந்தால், மிச்சமிருந்த ஒன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்து நானே அந்த நோயை அவருக்குக் கொடுத்திருப்பேன்.

நான் மாடி அறைக்குள் அடைந்தேன். வாடகை வண்டிக்காரர்கள் எங்கள் தெருவுக்கே வர மறுத்தார்கள். அண்ணனுக்குப் பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். இரண்டு நாள் விடுபட்டது. அடுத்த நாள் விடிந்ததும் அண்ணன் பின்சீட்டில் தலையணையைக் கட்டி மதினியை உட்கார வைத்து, துண்டால் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து முடிந்துகொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டார்! மாடியிலிருந்து பார்த்த எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்க உறை மாட்டியவர்கள், எல்லோரும் போன பிறகு கடைசியாக மதினியைக் கூப்பிட்டு, அவர் எழுந்ததும் மேசையைத் துடைத்தார்கள். சில நாள் கழித்து மதினிக்கு எடுத்த மறுசோதனையிலும் கொரோனா இல்லை என்று அண்ணன் தெருவிலிருந்து கத்தியபோது, தனியறையில் நான் குதித்த குதிப்பில் கட்டில் நகர்ந்தது.

கடைசி நாள் தெருமுனை திரும்பும்போதே அண்ணன் ஹாரனை விடாமல் அடித்தார். மதினியின் கழுத்துத் தோல் கருகியிருந்தது, பேச்சு வரவில்லை. மாடியை அண்ணாந்து பார்த்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார். முடிந்தது! என் தனிமை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. இறங்கி ஓடத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இப்போதும் செக்கப்புக்கு நான்தான் வேனில் கூட்டிப்போகிறேன். நாளைக்குப் போகும் நாள். இன்று காலை எழுந்ததும் எனக்குத் தொண்டை கரகரத்தது. யாரும் கேட்பதற்குள் மாடிப்படியில் நின்று சொன்னேன்: "எனக்குச் சளி புடிச்சிருக்கு மதினி. நாளைக்கு அண்ணன்கூட பைக்குல போயிட்டு வாங்க."

அடுத்த நிமிடம் அண்ணன் பைக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.