வள்ளத்தில நிண்டவர் ஏன் கையாட்டினார்?

போன முறை நாங்கள் ஏறின உல்லாசக் கப்பல் முழுக்க வயசான ஆக்கள். அதால இந்த முறை, இளம் சோடியளுக்கெண்டு விளம்பரம் போட்ட வேற கொம்பனியின்ர கப்பலில ஏறினம்.

இண்டைக்குக் காலமை கப்பல் எங்கட திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ள வந்தது. கீழ ஒரு வள்ளத்தில நிண்டவர் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"மீனவர் உங்களை வரவேற்கிறார்" எண்டு மைக்கில சொல்லிச்சினம். எல்லாரும் கையசைச்சம். நான் படம் எடுத்து இங்க முகப்புத்தகத்தில போட்டன்.

பக்கத்தில சல்லி எண்ட மீனவக் கிராமத்தில பிறந்த என்ர மனுசன் மட்டும் அசைக்கேல்லை.

"அது வரவேற்பில்லையப்பா. வலை கிடக்கு, விலத்தச் சொல்லிக் கத்துறான். அவன் என்ர தம்பி."

கப்பல் விலத்தேல்லை, வலைக்கு மேலாலயே போச்சு. இவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டார்.

அந்தப் படத்துக்கு இவ்வளவு பேர் இதயம் போட்டிருக்கிறியள். கிழிஞ்ச வலையைத் தைக்க ஆர் வாறியள்?