ஒன்றரை சென்டிமீட்டர்க் கோணல்

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே பலகைகள் ஒன்பது, போல்ட்டுகள் முப்பத்திரண்டு, சின்ன ஆணிகள் இருபத்தெட்டு, பின்பக்கம் அடிக்க ஒரு மெல்லிய அட்டை, போல்ட் முறுக்க எல் வடிவச் சாவி ஒன்று, ஸ்க்ரூவோடு கிளாம்ப் இரண்டு இருந்தன. முதல் முறை எண்ணியபோது ஆணி இருபத்தேழுதான் வந்தது. ஒன்று என் முழங்காலுக்கு அடியில் கிடந்தது.

மருமகள் தன் சம்பளத்தில் வாங்கிய ரேக் அது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிறாள். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் மதியம் ஒரு மணிக்குக் கம்பெனி பஸ். என் மகனுக்கு இரவு ஷிஃப்ட். பகலில் உள்ளறையில் தூங்குவான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் திருவாலங்காட்டிலிருந்து இந்த வாடகை மாடிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

பெட்டியில் இருந்த தாளில் எழுத்தே இல்லை, படங்கள்தான். நான் படம் பார்த்துப் போல்ட்டை எடுத்துக் கொடுத்தேன், அவள் முறுக்கினாள். ஒவ்வொன்றையும் இனி திரும்பாது என்கிறவரை முறுக்கிய பிறகுதான் அடுத்ததைக் கேட்டாள். ஐம்பது நிமிடத்தில் ரேக் நின்றது. சுவரோடு பிடிக்கும் இரண்டு கிளாம்ப் மட்டும் மிச்சம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா குடிவந்த அன்றே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவற்றைப் பெட்டியிலேயே போட்டுவிட்டோம்.

என் மனைவி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ரயிலாட்டம் ஆடுது?"

"தரை சரியில்ல அத்தை" என்று மருமகள் காலண்டர் தாளை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைத்தாள். பாத்திரம், டப்பா, குழந்தையின் துணி என்று நாற்பத்துமூன்று சாமான்களை அடுக்கினாள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும்படி ஒரு பூவும் அனுப்பினேன்.

பேத்திக்குப் பதினொரு மாதம். எதைப் பிடித்தாவது எழுந்து நிற்கப் பார்க்கும் பருவம். திங்கட்கிழமை மதியம், அவள் அம்மா வேலைக்குப் போன பிறகு, ரேக்கின் இரண்டாவது தட்டைப் பிடித்து இழுத்தாள். ரேக் முழுவதும் முன்னால் சாய்ந்தது. நான் போய்ப் பிடிப்பதற்குள் மேல் தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா குழந்தைக்கு ஒரு ஜாண் தள்ளி விழுந்தது. குழந்தை சிரித்தது. நான் ரேக்கைச் சுவரோடு தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

அவள் தூங்கியதும் டேப்பை எடுத்தேன். நில அளவையில் முப்பத்தோரு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். நாலு பக்கமும் சரியாக இருந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ரேக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தப் போட்டோவை இருபத்தாறு பேர் பார்த்ததாகக் காலையில்தான் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது நான் ரேக்கை ஒட்டி நாற்காலி போட்டு, ஒரு காலை அதன்மேல் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாமா, ரேக்குக்கு வாட்ச்மேன் வேலை எப்ப கெடச்சுது?"

"சும்மாதாம்மா. இங்க காத்து நல்லா வருது."

"ஃபேன் அந்தாண்ட கீது, காத்து இந்தாண்ட வருதா?"

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நேத்துல இருந்து அங்கதான் ஒக்காந்துக்கினு இருக்காரு மனுசன். சொல்லித் தொலைங்களேன், எத்தினி நேரம் முழுங்குவீங்க?"

சொன்னேன். டப்பா விழுந்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையைத் தூக்கித் தோளில் அழுத்திக்கொண்டாள். பிறகு குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு டேப்பை வாங்கித் தானே அளந்தாள்.

"ஒன்னரை. கரெக்ட்டு மாமா." தட்டுகளைத் தடவிக்கொண்டே வந்தவள் நடுப்பலகையில் நின்றாள். அது முன்பின்னாகப் போயிருந்தது. பூச்சு இல்லாத விளிம்பு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் பின் அட்டையும் சரியாகப் படியவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அந்தப் பலகையில் ஒட்டினாள்.

"எங்க லைன்ல தப்பு பீஸுக்கு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம் மாமா. அப்புறம் ரீவொர்க்கு. அவ்ளோதான்."

"கோணல் எப்படிம்மா வந்துது?"

"என் கைதான். அங்க ஒரு போல்ட்டு லூஸா இருந்தாக்கூட அடுத்த ஆளாண்ட தள்ள முடியாது. அந்தப் பழக்கத்துல இங்கயும் ஒவ்வொன்னா முழுசா முறுக்கிட்டேன். ஆனா அங்க இரும்பு சட்டத்துல புடிச்சி வெச்சிருப்பாங்க, கோணாது. இங்க யாரு புடிச்சா?"

"நானும்தாம்மா. நீ முறுக்கும்போதே நான் குறுக்க அளந்து பாக்கவே இல்லையே."

"அப்ப உங்களுக்கும் ஒன்னு" என்று என் சட்டைப் பையில் ஒரு பொட்டை ஒட்டினாள்.

சாமான்களை இறக்கி, ரேக்கைப் பாய்மேல் குப்புறப் போட்டோம். ஆணிகளைப் பிடுங்கிப் பின் அட்டையைக் கழற்றினோம். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி நடுப்பலகையைத் திருப்பிப் போட்டோம். அவள் ஒரு மூலையை முழங்காலால் தள்ள, நான் குறுக்கே அளந்துகொண்டே வந்தேன். ஒன்றரை, முக்கால், கால். இரண்டும் ஒன்றாக வந்ததும் நான் அசையாமல் பிடித்துக்கொள்ள, அட்டையை வைத்து ஆணி அடித்தாள். பிறகுதான் போல்ட்டுகளை ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

சுத்தியல் சத்தத்துக்கு என் மகன் எழவில்லை; வீட்டுக்காரம்மா எழுந்து வந்துவிட்டார்.

"யாரு சுவத்துல அடிக்கறது? வந்த அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

தரையில் கிடந்த ரேக்கைப் பார்த்ததும் குரல் இறங்கியது. மருமகள் டப்பா விழுந்த கதையைச் சொன்னாள். மிச்சமிருந்த கிளாம்ப்புகளையும் தயங்கித் தயங்கிக் காட்டினாள். அந்தம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நா ஆணிதான் கூடாதுன்னேன். இது ஸ்க்ரூவுதானே?"

"ரெண்டு ஓட்டை போடணும்" என்றேன் நான்.

"ரெண்டே ரெண்டு சார். மூணாவது பாத்தேன், நீங்க தெருவுலதான் நிக்கணும்." பத்து நிமிடத்தில் தன் வீட்டு ட்ரில்லிங் மிஷினைக் கொண்டுவந்து தானே பக்கத்தில் நின்று போடவைத்தார்.

ரேக்கை நிமிர்த்திச் சுவரோடு முடுக்கி, கனமான பாத்திரங்களைக் கீழ்த் தட்டில் வைத்தோம். எவர்சில்வர் டப்பாக்கள் சமையலறைக்கே போயின. பன்னிரண்டு அடித்ததும் மருமகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். பேத்தி தவழ்ந்து நேராக ரேக்கிடம் போனாள். இரண்டாவது தட்டைப் பிடித்தாள். இழுத்தாள். நான் பாதி எழுந்துவிட்டேன். ரேக் அசையவில்லை. குழந்தை எழுந்து நின்று, தட்டைக் கையால் தட்டித் தட்டி ஏதோ கத்தினாள்.

அவள் அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குழந்தை இழுத்தபோதும் அவள் கையில் சீப்பு நிற்கவில்லை.