முதல் இழுப்பு அவருடையது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியகுளத்துக்கு வெளியே ஒரு மாந்தோப்பில், செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொண்டுபோன மோட்டாரைக் கிணற்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். மணி பத்து இருக்கும். ராயப்பன்பட்டியிலிருந்து அருளப்பனின் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி போனில் கூப்பிட்டான். "பாய், மச்சான் தவறிட்டாக. வாசப்படியில உக்காந்தாக, அப்படியே சாஞ்சுட்டாக. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், உசுரு இல்லைன்னுட்டாக" என்றான். நான் சரி என்றேன். இந்த மோட்டாரை ஓடவிட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். சொன்னபடியே ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, சுவிட்சைப் போட்டு, தண்ணீர் விழுவதைப் பார்த்து, தோப்புக்காரர் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். தேனி தாண்டினேன், வீரபாண்டி தாண்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சின்னமனூருக்கு வெளியே யாரோ வரப்பில் புல்வெட்டும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

அருளப்பனின் முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று ராயப்பன்பட்டியிலிருந்து வந்து கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது, கம்பி சுற்றத்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு யோசித்தபோது, நான் எழுதியே ஆக வேண்டிய ஒரு விஷயம் இருப்பது தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் நழுவிவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே முன்கூட்டிச் சொல்லி வைக்கிறேன்.

உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டில் எங்களுக்கு ஒரே தகரக் கொட்டகை. நடுவில் சுவர் கிடையாது. இடது பக்கம் நான் மோட்டாருக்குக் காயில் கட்டுவேன். வலது பக்கம் அருளப்பன் சின்ன இன்ஜின்களைப் பார்ப்பார். திராட்சைக்கு மருந்து அடிக்கும் ஸ்பிரேயர், புல்வெட்டி, மரம் அறுக்கும் மெஷின், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்று கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற எதுவானாலும் அவரிடம் வரும். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது. கரண்ட் போனால் உங்கள் பிழைப்புப் போச்சு என்று அவர் கிண்டல் செய்வார். என் மெஷின்கள் ஊமை, உம்முடையவை வாயாடி, அதனால்தான் உமக்குக் காது மந்தம் என்று நான் சொல்வேன். கோபம் வந்தால் நான் கத்துவேன், அவர் கத்தமாட்டார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

அவரிடம் மெஷின் கொடுத்த எல்லோருக்கும் அவருடைய சட்டம் தெரியும். ஆட்டோவிலிருந்து மெஷினை இறக்கி வைத்ததும், பழக்கத்தில் சொந்தக்காரர் கை ஸ்டார்ட்டர் கயிற்றுக்குப் போகும். "கைய எடுங்க. மொத இழுப்பு என்னுது" என்பார் அருளப்பன். ஸ்பானரைத் தொடுவதற்கு முன், பிளக்கைக் கழற்றுவதற்கு முன், அவர் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது கயிறு கையில் கொஞ்சம் முட்ட வேண்டுமாம். முட்டவே இல்லையென்றால் உள்ளே காற்று நிற்கவில்லை. ரொம்ப முட்டினால் பிஸ்டன் பிடித்திருக்கிறது. சரியாக முட்டினால் கோளாறு இன்ஜினில் இல்லை, பெட்ரோலிலோ பிளக்கிலோ இருக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், என் மெஷினை நான் இழுத்தால் என்ன என்று வீம்புக்கு நாலு இழு இழுத்தார்.  அருளப்பன் அன்று வந்த மற்ற ஏழு மெஷினையும் முடித்துவிட்டு, சாயங்காலம்தான் அதன் பக்கம் திரும்பினார்.

கயிறு இழுத்த பிறகு இரண்டு கேள்வி. "எப்ப இருந்து இப்படி? அதுக்கு முன்னாடி கடைசியா என்ன மாத்துனீக?" கோம்பையிலிருந்து ஒருவர் முதுகில் மாட்டும் ஸ்பிரேயரோடு வந்தார். ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி இழுத்தால் ஓடும், மறுபடி பத்து நிமிடத்தில் நிற்கும். வேறு இரண்டு இடத்தில் காட்டி, பிளக் மாற்றி, கார்புரேட்டரையே மாற்றியாயிற்று. கோளாறு வருவதற்கு முன் எதையும் நான் மாற்றவில்லை என்று சாதித்தார் மனிதர். அருளப்பன் மூன்று தடவை அதே கேள்வியைக் கேட்டார். எனக்கே எரிச்சல் வந்தது. மூன்றாவது தடவை அந்த மனிதர், "ஒண்ணும் மாத்தலைங்க. பெட்ரோல் முதுகுல சிந்தி எரியுதேன்னு மூடிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் பேப்பர் வச்சேன், அம்புட்டுத்தேன்" என்றார். மூடியில் காற்றுப் போக ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. பேப்பர் அதை அடைத்திருந்தது. டாங்கிக்குள் காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அருளப்பன் பேப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்திலிருந்து ஒரு மேஸ்திரி மரம் அறுக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். "சேட்டா, அது தானே நின்னு போயி" என்று மலையாளத்தில் சொன்னார், மெஷின் தானாகவே நின்றுவிட்டதாம். அருளப்பன் இழுத்தார், கயிறு அசையவில்லை. திறந்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல். ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை எவரோ ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் ஊற்றியது யார் என்று எனக்கே தெரிந்தது, அருளப்பனுக்குத் தெரியாதா? அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனிமேல் இரண்டு கேன் வையுங்கள், ஆயில் கலந்ததற்கு ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் போன பிறகு நான் அருளப்பனைப் பிடித்துக்கொண்டேன். யார் ஊற்றியது என்று கேட்டு நாலு வார்த்தை விட்டிருக்க வேண்டாமா என்றேன். அருளப்பன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாருன்னு கேட்டா பொய்தேன் சொல்லுவாக, பாய். எப்ப இருந்துன்னு கேட்டா யோசிச்சுப் பார்ப்பாக."

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

அவர் போவதற்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பினேன். ஒரு ஸ்பிரேயர் தரையில் இருந்தது. அருளப்பன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மழை மூட்டம், வெயிலே இல்லை, ஆனால் அவர் சட்டை நனைந்திருந்தது. "பாய், இதை ஒரு இழு இழுங்க" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமையாக இருந்தது. கடைசியில் காயில்காரனுக்கும் மரியாதை வந்துவிட்டது பார் என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். "கையில முட்டுதா? எம்புட்டு முட்டுது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தமட்டும் சொன்னேன். அதை வைத்துக்கொண்டே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதன் பிறகு அவர் கயிற்றைத் தொட்டு நான் பார்க்கவில்லை. சொந்தக்காரர்களையே இழுக்கச் சொன்னார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த நாட்களில் இழுத்திருப்பீர்கள். டீக்கடையில் நீங்கள் பேசிக்கொண்டது எனக்கும் காதில் விழுந்தது, அருளப்பன் என்னையே இழுக்கச் சொன்னாக என்று. உங்களுக்கும் பெருமை. ஆளில்லாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். ஒருநாள் நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது நாலாவது தடவையாகக் கூப்பிட்டார். சுற்று எண்ணிக்கை தவறிவிட்டது, எனக்குக் கோபம். முதலாளி ஆகிவிட்டீரா, மெஷின் உம்முடையது, தோள் என்னுடையதா என்று கத்தினேன். "ஒங்களுக்குத் தோளு நல்லாத்தான பாய் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் இழுத்துவிட்டு வந்து முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தேன்.

எப்போதிருந்து இப்படி, கடைசியாக என்ன மாறியது என்று அந்த மனிதர் தினமும் என் காதுபடக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கண்ணெதிரே ஒன்று மாறியது. நான் கேட்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மூன்று நாள் மழை பெய்து அன்று விடிகாலை வெறித்திருந்தது. உடனே மருந்து அடிக்காவிட்டால் திராட்சைக் கொத்து போய்விடும். தனியாளாக முக்கால் ஏக்கர் திராட்சை வைத்திருக்கும் புஷ்பம், விடிந்ததிலிருந்து ஸ்பிரேயரை இழுத்து இழுத்துப் பார்த்து, ஓடாமல், பூசை முடிந்ததும் அருளப்பன் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். வாசலில் வைத்து அருளப்பன் பிளக்கைத் துடைத்து மாட்டினார். இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ஓடியது. படியில் உட்கார்ந்தார், சாய்ந்தார். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட, மெஷினை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பெட்ரோல் தீரும்வரை அது வாசலில் தனியாக ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தப் பொம்பளை மெஷினை இழுத்துத்தான் ஆள் போய்விட்டது என்று ஊரில் சொல்கிறார்கள்.

புஷ்பம் அன்றைக்கும் மருந்து அடிக்கவில்லை, பிறகும் அடிக்கவில்லை. கொத்தெல்லாம் கருகிவிட்டது. ஸ்பிரேயரையும் திரும்ப எடுக்கவில்லை, அது அருளப்பன் வீட்டுச் சுவரோரம் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. போன வாரம் நான் புஷ்பம் வீட்டுக்குப் போனேன்.  உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்த இடம் ஆறிக்கொண்டிருந்தது. "நீயே இழு தாயின்னுதேன் மொதல்ல சொன்னாக. நான் கையைக் காட்டுனேன். பார்த்துட்டு, தள்ளிக்கன்னு சொல்லி அவுகளே இழுத்தாக. கையைக் காட்டாம நானே இழுத்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பாகல்ல அண்ணே?" என்றார். எனக்குப் பதில் தெரியும்.  டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடக்கத்தன்று ஸ்டெல்லா கேட்டபோதும் இப்படித்தான். "எத்தனை நாளா நெஞ்சுவலி, தோள்வலி இருந்துச்சுன்னு டாக்டர் கேட்டாக. எனக்குத் தெரியலைண்ணே. வீட்டுல மூச்சே விடல. ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?" கல்லறைத் தோட்டத்து வாசலில், அவ்வளவு பேருக்கு நடுவில், இல்லை தங்கச்சி என்று நான் சொல்லிவிட்டேன். கேட்டதும் அந்தத் தோள் வார்த்தை ஞாபகம் வந்தது. வந்த பிறகுதான் இல்லை என்று சொன்னேன்.

கடையில் இன்னும் பதினோரு மெஷின் நிற்கிறது. மழைக்காலம், சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல மனம் வராமல், நானும் ஒரு இழு இழுத்துப் பார்க்கிறேன். கையில் முட்டுகிறது. எவ்வளவு முட்டுகிறது என்று கேட்க ஆளில்லை. மெஷினைப் பழையபடி சுவரோரம் தள்ளி வைக்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதச் சொன்னார்கள். வலது உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில், கயிற்றுப்பிடி ஏற்படுத்திய ஒரு காய்ப்பு. காயில்காரன் கையில் இருக்க வேண்டியதில்லை அது. அவருக்குப் பதிலாக இழுத்து இழுத்து வந்தது. இப்போது மெல்ல மிருதுவாகிக்கொண்டு வருகிறது. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெல்லா தங்கச்சி, டாக்டர் கேட்டதற்கு விடை முப்பத்தேழு நாள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டேன். புஷ்பம் தங்கச்சி, உங்கள் கையாலும் இல்லை, உங்கள் மெஷினாலும் இல்லை. நீங்கள் அவர் வாசலுக்கு வருவதற்கு முப்பத்தேழு நாள் முன்னாலேயே அந்த வலி அவரிடம் இருந்தது. கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பத்தேழு நாளும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தது யார் என்று அருளப்பன் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார். அதனால் நானே சொல்கிறேன்.