செய்தியைச் சேவித்தவன்

முதல் நாள் பயிற்சியில் என் குரலைப் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டினார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். யாரோ ஒரு முதியவர் நெல் விலையைப் பெருமாளிடம் முறையிடுவது போல் இருந்தது.

பணி ஓய்வுக்குப் பின், ஆற்றங்கரை ஊர்களுக்கென்று திருநெல்வேலியில் நடக்கும் ஒரு சிறு வானொலி நிலையத்தில் செய்தி வாசிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பக்திப் பாடல் அறிவிக்கும் வேலையைத்தான் கேட்பேன் என்று எல்லாரும் எண்ணினார்கள். நான் கேட்டது செய்தி. இளமை முதல் ஆழ்வார்திருநகரிக் கோயிலில் பாசுரம் சேவிக்கும், அதாவது ஓதும், கோஷ்டியில் நின்றவன் நான். கோஷ்டியில் ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை அடுத்தவர் குரல் நிரப்பிவிடும்; வரி அறுபடாது. அந்த அடைக்கலத்திலேயே இருந்துவிட்ட என் குரல் தனியே நிற்குமா என்று ஒருமுறையேனும் அறிய விரும்பினேன். பாசுரமாயின் அதுவே என்னைத் தாங்கிச் சென்றுவிடும். செய்தியை நான்தான் தாங்கவேண்டும்.

பயிற்சி அளித்த அம்மையார் கடற்கரை ஊர்க்காரர், கத்தோலிக்கர். நிலையத்தில் மற்றவர்கள் என்னைச் சாமி என்று அழைத்தபோது அவர் மட்டும் மறுத்துவிட்டார்.

"எங்க ஊர்ல சாமின்னா பூசை வைக்கிற பாதிரியாரு. எனக்குக் குழப்பம் வந்துரும். அண்ணாச்சின்னே கூப்பிடுதேன்."

அண்ணாச்சி ஆனபின்னும் தயவு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க செய்திய வாசிக்கல, சேவிக்குதீங்க. இதக் கேட்டா சனங்க தீர்த்தம் வாங்கக் கைய நீட்டிருவாவ."

"எப்படி வாசிக்க வேண்டும், அம்மா?"

"வீட்டுல மதினிகிட்ட, அதான் ஒங்க வீட்டம்மாகிட்ட, 'பால் வந்துட்டு'ன்னு சொல்லுவீங்கள்லா, அப்படிச் சொல்லுங்க. பையச் சொல்லுங்க, இழுக்காதீங்க. எங்க கோயில்லயும் செபமாலை சொல்லும்போது இழுக்கத்தான் செய்வோம். அது அங்கன. இது இங்கன."

நாள்தோறும் பால் வந்ததைச் சொல்லிச் சொல்லி இழுவை அடங்கியது. மூச்சை மைக்குக்குத் தெரியாமல் வாங்கவும் பழகினேன். ஒரு வழக்கம் மட்டும் நாவைவிட்டு அகலவில்லை. பதிகத்தின் நிறைவுப் பாசுரத்தை இருமுறை சேவித்து முடிப்பது எங்கள் மரபு. செய்தி அறிக்கையின் கடைசி வரி வந்ததும் நாக்கு தானாகத் திரும்பி, அதை மீண்டும் ஒருமுறை சொல்லிவிடும். நெல்லையில் நாளை மின்தடை. நெல்லையில் நாளை மின்தடை.

அம்மையார் ஒருநாள் பொறுமை இழந்தார். "நேரலையில இப்படிச் செஞ்சீங்கன்னா, அடுத்த நாளே ஒங்களப் பக்திப் பாட்டுக்கு மாத்திருவேன். சொல்லிட்டேன்."

நேரலைத் தேர்வு ஐப்பசி மழையில் ஒரு மாலையில் வைக்கப்பட்டது. கடைசி வரி, ஒரே முறை என்று பேருந்தில் வரும்போதே மனத்துக்குள் உருப்போட்டேன். ஸ்டூடியோவில் அமர்ந்தபின், அவசரமாகத் தட்டச்சான புதிய தாள் ஒன்றை அம்மையார் கொண்டுவந்து கடைசியில் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

குரல் நின்றது. மூச்சும் ஒத்துழைத்தது. கடைசித் தாளுக்கு வந்தேன். அணையிலிருந்து கூடுதல் நீர் திறக்கப்படுவதால் தாமிரபரணிக் கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம், கால்நடைகளையும் இறக்க வேண்டாம் என்றிருந்தது. வாசித்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு திரும்பிவிட்டது. இரண்டாம் முறை, நிறைவுப் பாசுரத்துக்கு உரிய நிதானத்தோடு, முன்னிலும் தெளிவாகச் சொல்லி முடித்தேன்.

விளக்கு அணைந்தது. கழற்றிய ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, நாளை முதல் பக்திப் பாடல் அறிவிக்கத்தான் திருவுள்ளம் போலும் என்று அமர்ந்திருந்தேன்.

அம்மையார் கதவைத் திறந்தார். "கடைசி வரிய ஏன் ரெண்டு தடவ வாசிச்சீங்க?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது, நா வரவில்லை. "பழக்கம், அம்மா. மன்னிக்க வேண்டும்."

அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்து சிரிக்கத் தொடங்கினார்.

"எச்சரிக்கைன்னா ரெண்டு தடவதான் வாசிக்கணும், அண்ணாச்சி. எங்க வீட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போறவங்க, எனக்குத் தெரியாதா? தாள்ல ரெண்டு தடவ அடிக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு கையக் கையக் காட்டுதேன், நீங்க நிமிந்தே பாக்கல. ஒங்க பழக்கம் என்னையக் காப்பாத்திட்டு."

எனக்கும் சிரிப்பு வந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது.

"நாளையிலருந்து சாயங்காலச் செய்தி ஒங்களுக்கு. ஆனா தங்கம் வெலைய ரெண்டு தடவ வாசிச்சீங்கன்னா, சனங்க கல்லக் கொண்டி எறிவாவ."

வீடு சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கைபேசியில் செய்தியைக் கேட்டிருந்த என் மனைவி துண்டை நீட்டினாள்.

"இத்தனை வருஷமா கோஷ்டியில உங்க குரல் எதுன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்லை. இன்னைக்குத் தனியாக் கேட்டுது."

"எப்படி இருந்தது?"

"நன்னாத்தான் இருந்தது. ஆத்துல இறங்க வேண்டாம்னு ரெண்டாம் தடவை சொன்னேளே, அப்பதான் காதுல விழுந்தது. முதல் தடவை குக்கர் கத்திண்டிருந்தது."